தீவில் கால் வைக்காமல் அதன் பச்சையை அளப்பது எப்படி?

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எங்கள் பக்கம் முதலில் நிற்பது படகுகள் கடலுக்குப் போகக் கொடுக்கும் அனுமதி டோக்கன். அடுத்தது தனுஷ்கோடி சாலை. தடுப்பைப் போட்டுவிட்டால் புயல் கரை கடந்த பிறகும் சில நாட்களுக்கு எடுக்க மாட்டார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கோ புயல் வந்தாலும் வராவிட்டாலும் தடைதான். 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கரையில் இறங்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிடலாமே என்பார்கள் புதிதாக வருபவர்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது, எதிரே சர்வதேசக் கடல் எல்லை இருக்கிறது. அனுமதிக் கடிதம் இல்லாமல் ட்ரோன் பெட்டியைத் திறப்பது நல்லதல்ல.

அப்படியானால் உள்ளே அலையாத்தி நிற்கிறதா, சவுக்கு சாய்ந்ததா, தாழம்புதர் கருகியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 786 கிலோமீட்டர் உயரத்தில் காலை பத்தரை மணியளவில் நம் தலைக்கு மேல் போகிற சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் எடுத்து வைத்திருக்கிறது. அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியில் புவியியல் படிக்கிறவர்கள், ஊரில் ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர்கள், கணினி ஓரளவு தெரிந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படம் எடுப்பது சுலபம், அதை வாசிப்பதில்தான் எல்லோரும் வழுக்குகிறோம். நானும் வழுக்கியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

ஆள் போக முடியாத இடத்தை மேலிருந்து பார்ப்பது புதிய வித்தை அல்ல. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. மூன்றாம் நாளே லேண்ட்சாட்-5 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் அந்த இடத்தைப் படம் பிடித்தது. உலைக்குப் பக்கத்துப் பைன் காடு கதிர்வீச்சில் செத்துத் துரு நிறமானது. 30 கிலோமீட்டர் வளையத்தில் ஆட்கள் வெளியேறிய வயல்களோ, நாளடைவில் புதரும் மரமுமாக மூடிக்கொண்டன. 2011 மார்ச் 11 அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானின் புகுஷிமாவிலும் அதே கதை. கைவிடப்பட்ட நெல்வயல்களில் புல்லும் களையும் மண்டின. மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை. விவசாயம் நின்றுபோனதும் அந்தப் பச்சைக்குள்ளேதான் இருந்தது. நம் மாவட்டத்தில் தரிசு நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வியைச் சுருக்குங்கள்

"ராமநாதபுரம் கடற்கரையில் தாவர மாற்றம்" என்று ஆரம்பித்தால் முடிக்க மாட்டீர்கள். வாலிநோக்கம் உப்பளமும் காரங்காடு அலையாத்தியும் ஒரே அளவுகோலுக்குள் வராது. ஓர் இடம், ஒரு நிகழ்வு, ஒரு வகைத் தாவரம் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். "2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்து போனதற்கு முன்னும் பின்னும் மணோலித் தீவின் கண்டல் (அலையாத்தி) மரங்கள்" என்பது நல்ல கேள்வி. "தனுஷ்கோடி மணல்திட்டில் 2017க்குப் பிறகு சவுக்குத் தோப்பின் பரப்பு" என்பதும் நல்ல கேள்வி. அரிச்சல்முனை வரை சாலை திறந்த ஆண்டு அது.

சிலர் 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியை லேண்ட்சாட்டில் தேடுவார்கள். கிடைக்காது. முதல் லேண்ட்சாட் பறந்ததே 1972 ஜூலையில்தான். 30 மீட்டர் துல்லியத்தில் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டுமென்றால் 1984க்குப் பிந்தைய படங்களை நம்பலாம். 10 மீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் சென்டினல்-2 வந்த 2015க்குப் பிறகு.

மீட்டர் கணக்கு மண்டையில் ஏறாதவர்களுக்கு நம் கணக்கில் சொல்கிறேன். சென்டினலின் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், 10க்கு 10 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 22 சென்ட். மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி 2000ஆம் ஆண்டிலிருந்து தினமும் பார்க்கிறது, ஆனால் அதன் ஒரு பிக்சல் 15 ஏக்கர். சின்னத் தீவு ஒன்று அதில் இரண்டு மூன்று கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே நம் கடற்கரைக்கு சென்டினல், பழைய காலத்துக்கு லேண்ட்சாட். மோடிஸை விட்டுவிடலாம். இஸ்ரோவின் படங்களை பூநிதி தளத்தில் பெறலாம். ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 படம் 5.8 மீட்டர் துல்லியம் கொண்டது. புதியவர்களுக்கு முதல் மாதத்தில் அது வேண்டாம், கை பழகிய பிறகு போங்கள்.

படத்தைத் திறப்பது

கோபர்னிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் மின்னஞ்சல் கொடுத்து இலவசக் கணக்கு தொடங்குங்கள். தேடுபெட்டியில் மண்டபம் என்று கொடுத்து வரைபடத்தை நகர்த்தினால் தெற்கே தீவுகள் வரிசையாகத் தெரியும். சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மணோலிப்புட்டி, மணோலி, முயல் தீவு. மண்டபம் கூட்டத்தில் இந்த ஏழு.

செயற்கைக்கோள் பட்டியலில் சென்டினல்-2, எல்2ஏ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்1சி என்று இன்னொன்று இருக்கும். அது வளிமண்டலத்துத் தூசியும் ஈரமும் கலந்த படம். எல்2ஏ அதைக் கழித்துத் தருகிறது. கடலோரத்தில் உப்பு ஈரக்காற்று எப்போதும் இருப்பதால் நமக்கு எல்2ஏதான்.

பிறகு உங்கள் இடத்தைக் கோடு போட்டு வரையுங்கள். இதை அவசரமாகச் செய்யாதீர்கள். தீவின் ஓரத்தில் அலை நுரை, ஈர மணல், பவளத்திட்டு எல்லாம் இருக்கும். செடி நிற்கும் இடத்தைச் சுற்றி, கரையிலிருந்து ஒரு பிக்சல் உள்ளே தள்ளிக் கோடு போடுங்கள். வரைந்த எல்லையைக் கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாகச் சேமியுங்கள். அடுத்த முறை புதிதாக வரைந்தால் பரப்பு மாறும், கணக்கு கெடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் மூழ்கிவிட்டன. பவளப்பாறையை வெட்டியெடுத்ததன் பலன். இன்னும் சில தீவுகள் கரைந்துகொண்டும் இடம் நகர்ந்துகொண்டும் இருக்கின்றன. கரையும் தீவில் பத்தாண்டுக்கு முந்தைய கோட்டை வைத்துச் சராசரி எடுத்தால், கோட்டுக்குள் கடல் புகுந்திருக்கும். பசுமையைச் சொல்லும் எண் விழும். "செடி செத்துவிட்டது" என்று நீங்கள் எழுதுவீர்கள். செத்தது செடி அல்ல, நிலமே போய்விட்டது. ஆகவே நீண்ட கால ஒப்பீட்டில் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனியாகக் கரைக்கோடு வரைந்து, நிலப்பரப்பு எவ்வளவு, அதில் பச்சை எவ்வளவு என்று இரண்டு எண்ணாகச் சொல்லுங்கள்.

தேதி: பாதி வேலை இதில்தான்

நான் முதன்முதலில் செய்த ஒப்பீடு ஓர் ஆகஸ்ட் படமும் அடுத்த ஜனவரிப் படமும். நடுவில் புயல் வந்து போயிருந்தது. ஜனவரிப் படம் பச்சைப் பசேலென்று இருந்தது. புயலையும் மீறித் தாவரம் செழித்திருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். அதைப் பார்த்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு, "ஏப்பா, ஆவணியில காஞ்சு கெடக்கும், தையில பச்சையா இருக்கும். இதுக்கு எதுக்கு ராக்கெட்டு?" என்றார்.

நம் மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டும். தை, மாசி வரை புல், கொடி, நெல், மிளகாய் எல்லாம் பச்சை. பங்குனிக்குப் பிறகு தரை வெளுத்துவிடும். இந்த ஆண்டுச் சுற்றின் ஏற்ற இறக்கம் எந்தப் புயலின் அடையாளத்தையும் விழுங்கிவிடும். ஆகவே எதை எதோடு ஒப்பிட்டாலும் ஒரே பதினைந்து நாளுக்குள் இருக்கட்டும். 2020 ஜனவரி கடைசி, 2021 ஜனவரி கடைசி, 2022 ஜனவரி கடைசி. அந்த ஆண்டு மழை எப்படி என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட ஆண்டையும் வறண்ட ஆண்டையும் மழைக் குறிப்பு இல்லாமல் அருகருகே வைக்கக் கூடாது.

ஆண்டுக்கு இரண்டு படம் எடுப்பது என் வழக்கம். ஒன்று தை கடைசியில், எல்லாம் பச்சையாக இருக்கும்போது. இன்னொன்று ஆடி அல்லது ஆவணியில், எல்லாம் காய்ந்திருக்கும்போது. இரண்டாவதுதான் எனக்குப் பிரியம். புல்லும் அடும்பு என்ற மணற்கொடியும் வாடிய காலத்தில் பச்சையாக நிற்பது மரம், அல்லது வேர் ஆழமாகப் போன புதர். அலையாத்தி, பனை, சவுக்கு, சீமைக்கருவேலம் இவற்றைப் புல்லிலிருந்து பிரிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. பனையில் மட்டும் ஒரு சங்கடம். ஒற்றைப் பனையின் ஓலைத்தலை இரண்டரை சென்ட் கட்டத்தில் எட்டில் ஒரு பங்கை அடைத்தாலே அதிகம். அடர்ந்த தோப்பு இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது பனையை அல்ல, பனைக்குக் கீழே உள்ள தரையை.

சிக்கல் என்னவென்றால் புயல் வருவதும் மேகம் மூடுவதும் ஒரே மாதங்களில். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டு சேர்ந்து 5 நாளுக்கு ஒரு முறை வந்தாலும், கார்த்திகையில் வரிசையாக ஐந்தாறு படங்கள் பஞ்சு மூட்டையாக வரலாம். தளத்தில் மேக அளவைக் காட்டும் வசதியை நம்பி "20 சதவீதம்தான்" என்று எடுத்துவிடாதீர்கள். அது முழுப் படத்துக்கான சதவீதம். அந்த 20 சதவீதம் உங்கள் தீவின் மேலேயே உட்கார்ந்திருக்கலாம். திறந்து கண்ணால் பாருங்கள். மேகத்தை எல்லோரும் கவனிப்பார்கள், மேகத்தின் நிழலை விட்டுவிடுவார்கள். நிழல் விழுந்த இடம் தாவரம் குறைந்த இடம் மாதிரியே இருக்கும். எல்2ஏ படத்தோடு வரும் வகைப்பாட்டு அடுக்கில் 3 என்றால் மேக நிழல், 8, 9 என்றால் மேகம், 10 என்றால் மெல்லிய உயர்மேகம். அந்த எண்கள் உள்ள பிக்சல்களைக் கழித்துவிடுங்கள். வெள்ளை மணலைச் சில சமயம் மேகம் என்று அது நினைத்துக்கொள்ளும். தனுஷ்கோடியில் அதை ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேகம் விலகும்வரை காத்திருக்க முடியாது, வெள்ளம் எங்கே நிற்கிறது என்று உடனே தெரிய வேண்டும் என்றால் சென்டினல்-1 ரேடார். அது மேகத்தை ஊடுருவும், இரவிலும் பார்க்கும். அமைதியான நீர் கருப்பாகத் தெரியும். காற்றடித்துச் சிலிர்த்த நீர் வெளுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். ரேடாரில் பச்சை நிறம் கிடையாது. எனவே அதை வெள்ளத்துக்கு வைத்துக்கொண்டு, தாவரக் கணக்கைத் தெளிவான நாளுக்குத் தள்ளுங்கள்.

எண்ணாக மாற்றுவது

முதலில் இயற்கை நிறத்தில் பாருங்கள். பிறகு போலி நிறம் என்ற அடுக்கைப் போடுங்கள், செடி சிவப்பாக மாறும். பழகாதவர்கள் ரத்தம் மாதிரி இருக்கிறது என்பார்கள். எவ்வளவு சிவப்போ அவ்வளவு இலை. கண் பழகிய பிறகுதான் எண்ணுக்குப் போக வேண்டும்.

எண்ணின் பெயர் என்.டி.வி.ஐ. தத்துவம் இவ்வளவுதான்: உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மைனஸ் 1க்கும் 1க்கும் நடுவில் ஓர் எண் வரும். சென்டினலில் சிவப்பு என்பது பி4, அகச்சிவப்பு என்பது பி8. ஓர் அடர்ந்த கண்டல் பிக்சலில் சிவப்பு 0.04, அகச்சிவப்பு 0.36 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.32, கூட்டுத்தொகை 0.40, விடை 0.8. வெறும் மணலில் சிவப்பு 0.30, அகச்சிவப்பு 0.36 என்றால் விடை 0.09தான். நீருக்குப் பெரும்பாலும் மைனஸில் வரும்.

கடற்புல்லைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இயற்கை நிறப் படத்தில் தீவைச் சுற்றிக் கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். அது ஆழங்குறைந்த நீருக்கடியில் உள்ள கடற்புல்லாக இருக்கலாம். என்.டி.வி.ஐ. அதைக் காட்டவே காட்டாது. அகச்சிவப்பை நீர் குடித்துவிடும். "எண் மைனஸ், எனவே கடற்புல் அழிந்தது" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது போலவே சில ஆண்டுகளில் செப்டம்பர், அக்டோபரில் மண்டபம் பக்கத்துக் கடல் பச்சையாகும். பூங்கோரை என்று சொல்கிற நுண்பாசி. அது நீர்மட்டத்தில் மிதப்பதால் எண்ணைக் கொஞ்சம் உயர்த்திவிடும். கரையோரப் பிக்சல்களில் திடீர்ப் பசுமை தெரிந்தால் தாவரம் என்று துள்ளாமல் தேதியைப் பாருங்கள்.

தளத்திலேயே என்.டி.வி.ஐ. அடுக்கு இருக்கிறது. வரைந்த எல்லைக்குள் காலப்போக்கில் சராசரி எப்படி மாறியது என்ற வரைகோட்டையும் அதுவே போட்டுத் தரும். முதல் வாரத்துக்கு இது போதும். ஐந்தாண்டு வரைகோட்டைப் பார்த்தாலே தை மாத மேடும் ஆவணிப் பள்ளமும் அலை அலையாகத் தெரியும். நடுவில் செங்குத்தாக விழுந்திருக்கும் ஒற்றைப் புள்ளிகள் பெரும்பாலும் மேகம்.

கணக்கு வேண்டுமென்றால் படத்தைப் பதிவிறக்க வேண்டும். அனாலிட்டிக்கல் என்ற பகுதியில் பி4, பி8 இரண்டையும் 32 பிட் டிஃப் என்ற படக் கோப்பாக எடுங்கள். ஆயத்தொலைவு முறையில் யுடிஎம் மண்டலம் 44 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32644. நம் மாவட்டம் முழுவதும் இதற்குள் வரும். டிகிரியில் எடுத்தால் பரப்பளவு தப்பாக வரும். பிறகு கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ராஸ்டர் கால்குலேட்டரைத் திறந்து மேலே சொன்ன கழித்தலையும் வகுத்தலையும் கொடுத்தால் போதும். 0.3க்கு மேல் உள்ளதெல்லாம் 1, மற்றது 0 என்று இன்னொரு தடவை கணக்கிட்டு, எத்தனை 1 என்று எண்ணச் சொல்லுங்கள். 1,260 பிக்சல் வந்தால் 12.6 ஹெக்டேர், நம் கணக்கில் 31 ஏக்கர். அந்த 0.3 வேதவாக்கு அல்ல. வெள்ளை மணலில் சிதறி நிற்கும் புதருக்கு 0.2 பொருந்தும். உங்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றில் வைத்துப் பார்த்து முடிவுசெய்து, பிறகு எல்லா ஆண்டுக்கும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்தின் கதை

இது கொஞ்சம் சலிப்பான விஷயம். ஆனால் என் மூன்று வாரங்களைத் தின்ற விஷயம்.

ஒரு முறை தளத்தின் தயார் அடுக்குகளை விட்டு, முழுக் கோப்புகளையே இறக்கி வேலை செய்தேன். 2021 ஜனவரி ஒன்று, 2022 பிப்ரவரி ஒன்று. விடை வந்ததும் வயிறு கலங்கியது. தீவுகளில் மட்டுமல்ல, தங்கச்சிமடம் தென்னந்தோப்பிலும் உச்சிப்புளிக் கருவேலங்காட்டிலும் எங்கும் பசுமை சரிந்திருந்தது. என்ன நோய், என்ன வறட்சி என்று நாலு பேரிடம் கேட்டேன். தென்னந்தோப்புக்காரர், "காய் நல்லாத்தானே போடுது" என்றார். அப்போதுதான் சந்தேகம் வந்தது.

காரணம் இதுதான். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டிச் சேமிக்கிறார்கள். நாம் அதைக் கழித்துவிட்டு 10,000ஆல் வகுக்க வேண்டும். நான் கழிக்கவில்லை. பழைய கோப்பில் சிவப்பு 400, அகச்சிவப்பு 3600 என்று இருந்த அதே மரம் புதிய கோப்பில் 1400, 4600 என்று இருக்கும். பழையதில் 3200ஐ 4000ஆல் வகுத்து 0.8. புதியதில் அதே 3200ஐ 6000ஆல் வகுத்து 0.53. மரத்தில் ஓர் இலைகூட உதிரவில்லை, என் எண் மட்டும் மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது.

கோபர்னிகஸ் பிரவுசரில் எடுக்கும் டிஃப் கோப்பில் இந்தச் சரிசெய்தலை அவர்களே செய்துவிடுகிறார்கள். கூகுள் எர்த் என்ஜினில் வேலை செய்பவர்கள் ஹார்மனைஸ்டு என்று பெயரில் உள்ள தொகுப்பை எடுத்தால் பிரச்சினை இல்லை. முழுக் கோப்பை நேரடியாக இறக்குபவர்கள்தான் மாட்டுவார்கள்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஒப்பீட்டிலும் பாதிக்கப்பட்ட இடத்தோடு சாட்சி இடம் ஒன்றையும் வரைகிறேன். மாறக் காரணமே இல்லாத இடம். நன்றாகத் தண்ணீர் பாய்கிற பழைய தென்னந்தோப்பு ஒன்று, வெறும் கான்கிரீட் தளம் ஒன்று. சாட்சி இடத்தில் எண் 0.05 ஆடினால், தீவில் தெரியும் 0.05 வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. தீவில் 0.2 விழுந்து சாட்சி அசையாமல் இருந்தால் அப்போது பேசலாம்.

விழுந்தது எழுமா?

புயலுக்கு மறுவாரப் படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பலத்த காற்று கடல்நீரைத் தூற்றி அடிக்கும்போது இலையில் உப்பு படிந்து கருகும். எண் சடாரென்று விழும். மரம் உயிரோடு இருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும், எண் ஏறும். மாறாக உப்புநீர் தேங்கி வேரை அரித்த இடத்தில் முதலில் பெரிய வித்தியாசம் தெரியாது, மெதுவாகச் சரிந்துகொண்டே போகும். ஆகவே இரண்டு வாரம், மூன்று மாதம், ஓராண்டு என்று மூன்று படம். கருகலா சாவா என்பதை இரண்டாவது படம் ஓரளவு சொல்லும்.

புரெவியையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையைக் கடந்து வந்து வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. இங்கே காற்றைவிட மழைதான் அதிகம். அடுத்து 2021 ஜனவரியிலும் பருவம் தவறிக் கொட்டியது. அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது, மிளகாய்ச் செடி அழுகியது. விவசாயிக்கு அது நஷ்ட ஆண்டு. ஆனால் அவ்வளவு ஈரத்தில் களையும் புல்லும் கருவேலங்கன்றும் தழைக்கும், மேலிருந்து பார்த்தால் பச்சை. இந்த எண்ணைக் கொண்டுபோய் "பாதிப்பு இல்லை" என்று யாராவது அறிக்கை எழுதினால் இழப்பீடு கேட்டு நிற்பவர் வயிற்றில் அடித்த மாதிரி. புகுஷிமா வயலும் நம் மிளகாய்க் காடும் இந்த ஓரிடத்தில் ஒன்றுதான்: செயற்கைக்கோள் பச்சையின் அளவைச் சொல்லும், அது யாருடைய பச்சை என்று சொல்லாது.

தனுஷ்கோடியிலும் அப்படித்தான். மணல்திட்டில் பச்சை கூடினால் அது சவுக்கா, அடும்பா, ராவணன் மீசைப் புல்லா, கருவேலமா என்பதைப் பொறுத்தே அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று முடிவாகும். 2025 ஜூனில் பூநாரைகளுக்காகச் சரணாலயமாக அறிவித்த சேற்றுப்பரப்பில் கருவேலம் ஏறி எண் உயர்ந்தால், பறவைக்கு அது இழப்பு.

உள்ளே போகாமல் சரிபார்ப்பது

கூகுள் எர்த் புரோவில் பழைய தேதிப் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி உண்டு. அதில் தனித்தனி மரத்தின் தலையே தெரியும். தேதிகள் நாம் கேட்டபடி இருக்காது, இருந்தாலும் சவுக்கா புதரா என்று பிரிக்க உதவும்.

அதைவிட உதவி மனிதர்கள். தடை செய்யப்பட்ட தீவுக்குள் போக வேண்டாம், போகச் சொல்லி யாரையும் தூண்டவும் வேண்டாம். தீவைத் தாண்டி அன்றாடம் தொழிலுக்குப் போகிற நாட்டுப்படகுக்காரர்கள் கடலில் இருந்தபடியே கரையைப் பார்க்கிறார்கள். வனத்துறையின் காவலர்கள் படகில் சுற்றுகிறார்கள். முறையாக எழுதிக் கேட்டால் தங்களிடம் உள்ள புகைப்படத்தைக் காட்டக்கூடும். நான் ஒரு படத்தை அச்சடித்துப் பாம்பன் டீக்கடை ஒன்றுக்கு எடுத்துப்போய், எண் விழுந்திருந்த ஒரு மூலையைக் காட்டினேன். வத்தை என்ற சிறு படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போகல தம்பி. அந்த முக்கு கச்சான் காத்துக்கு நேரா நிக்கும். வருசா வருசம் அது கருகும், மழை விழுந்தா தழையும்" என்றார். முந்தைய நான்கு ஆண்டுகளின் ஆடி மாதப் படங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த மூலை ஒவ்வொரு முறையும் மற்ற இடத்தைவிட வெளுத்துத்தான் இருந்தது. என் பட்டியலில் "பாதிப்பு" என்று எழுதியதை அடித்தேன்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் செயற்கைக்கோள் பெயர், தேதி, எல்2ஏ என்ற நிலை, எந்தக் கேஎம்எல் எல்லை, எத்தனை பிக்சல் மேகத்தால் கழிந்தது, என்ன வரம்பு எண் (மேலே சொன்ன 0.3 மாதிரி) என்று எழுதுங்கள். பாதிக்குமேல் மேகம் கழித்த படத்தின் சராசரியை வெளியே சொல்ல வேண்டாம். கூடு வைக்கும் இடம், அரிய செடி நிற்கும் இடம் போன்றவற்றின் துல்லிய ஆயத்தொலைவைப் பொதுவில் போடாதீர்கள். வெட்டுகிறவனும் இணையம் பார்க்கிறான்.

அச்சடிக்கிற படத்தில் வடக்கு அம்புக்குறியோடு நிறுத்திவிடாமல், மேலே வடகடல், கீழே தென்கடல் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். தீவின் பெயரைத் தீவின்மேல் எழுதாமல் பக்கத்துக் கடலில் எழுதினால் விரல் வைத்துக் காட்ட இடம் இருக்கும். போலி நிறப் படத்தைக் கொண்டுபோகாதீர்கள். சிவப்பைப் பார்த்ததும் எல்லாம் எரிந்துவிட்டதா என்று கேட்பார்கள், அதை விளக்குவதற்குள் டீ ஆறிவிடும்.